ஒலிக்கு முன்னால் நின்ற விரல்

அந்தப் பிள்ளையின் விரல் நின்றது. ஒலி அதற்குப் பிறகுதான் வந்தது.

நான் திரையைப் பார்க்கவில்லை. விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வல்வெட்டித்துறைக்குப் போகும் வழியில் இருந்த ஒரு பாடசாலையின் பழைய சங்கீத அறை அது. சனிக்கிழமை முற்பகல். யன்னலுக்கு வெளியே மணலில் வெயில் விழுந்து கண்ணைக் கூசவைத்தது. மேசையில் மடிக்கணினி. அதன் முன்னால் கதிரை நுனியில் பதின்மூன்று வயதுப் பெண்பிள்ளை, இரட்டைப் பின்னலோடு.

விளையாட்டு மிகவும் எளியது. திரையில் ஒரே சீரான வேகத்தில் மீன்கள் ஒவ்வொன்றாக வரும். மீன் இடப்பக்கம் பார்த்தால் இடது விசை, வலப்பக்கம் பார்த்தால் வலது விசை. கெதியாக, மீன் மறைய முன்னம் தட்டவேண்டும். சில மீன்களுக்கு மட்டும், மீன் தோன்றிய மறுகணத்தில் ‘பீப்’ என்று ஓர் ஒலி கேட்கும். கேட்டால் போன கையை அப்படியே நிறுத்திவிடவேண்டும். தட்டத் தொடங்கிய கையை நிறுத்துவது பெரியவர்களுக்கே இலேசில்லை. பிள்ளைகள் பிழைவிடுவார்கள், நாக்கைக் கடிப்பார்கள், ‘ஐயோ’ என்பார்கள். அதுதான் வழக்கம்.

இவள் தட்டிக்கொண்டே வந்தாள். ஒரு மீனுக்கு விரலைத் தூக்கி வைத்துக்கொண்டாள். மீன் வந்தது. விரல் அசையவில்லை. பிறகு பீப். மறுபடி தட்டினாள். மறுபடி விரலைத் தூக்கினாள். பிறகு பீப். ஒலியைக் கேட்டு அவள் நிற்கவில்லை. அவள் நின்றதைப் பார்த்து ஒலி வந்ததுபோல இருந்தது.

“முடிஞ்சுதோ சேர்?”

“ஓம் பிள்ளை. வடிவாச் செய்திருக்கிறீர்.”

“ஒண்டும் பிழைக்கேல்லைத்தானே?”

“ஒண்டும் பிழைக்கேல்லை.”

அவள் சிரிக்கவில்லை. ஏற்கெனவே தெரிந்த ஒன்றை என் வாயால் கேட்டுக்கொண்டவள்போலத் தலையாட்டிவிட்டு எழுந்து போனாள். எனக்கு வியர்வையில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

அப்போது நான் யாழ்ப்பாணத்தில் ஒரு பேராசிரியையிடம் ஆய்வு உதவியாளனாக இருந்தேன். பத்து வயதிலிருந்து பதினைந்து வயதுவரை பிள்ளைகளின் மூளை எப்படி மாறுகிறது என்பது அவருடைய துறை. நெற்றிக்குப் பின்னால் இருக்கும் பகுதிதான் ‘பொறு, செய்யாதே’ என்று கைக்கும் வாய்க்கும் கட்டளை இடுவது. அது அந்த வயதில் இன்னும் முற்றி முடிந்திருக்காது. அப்படியென்றால் பழக்கினால் அது திருந்துமா? இதுதான் கேள்வி. பாதிப் பிள்ளைகள் கிழமைக்கு மூன்று தரம் மீன் விளையாட்டு விளையாடுவார்கள். மற்றப் பாதி அதே அளவு நேரம் அதே கணினியில் படம் கீறுவார்கள். தொடக்கத்திலும் முடிவிலும் இரண்டு பகுதிக்கும் மீன் விளையாட்டிலேயே ஒரு சோதனை. மீன் பிள்ளைகள் திருந்தி, படம் கீறிய பிள்ளைகள் திருந்தாமல் இருந்தால், அது பயிற்சியின் பலன்.

இந்த வேலையைத் துப்புரவாக முடித்துக் கொடுத்தால், வெளிநாட்டில் தன்னோடு சேர்ந்து வேலை செய்யும் ஆய்வுகூடத்துக்கு மேற்படிப்புக்கு என்னை அனுப்பக்கூடும் என்று பேராசிரியை சொல்லியிருந்தார். இருந்தது ஒரே ஓர் இடம். எங்கள் வீட்டில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அப்பா குருநகரில் கடற்தொழில் செய்பவர். வள்ளத்தில் எழுதியிருக்கும் பெயரைத் தவிர வேறு எதையும் எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார். ‘அனுப்பக்கூடும்’ என்று பேராசிரியை சொன்னதை நான் வீட்டில் ‘அனுப்புகிறார்’ என்று சொல்லிவிட்டேன். அம்மா அதைக் கோவில் முழுக்கச் சொல்லிவிட்டார்.

அப்பாவுக்கு ஒருநாள் அந்த மீனைக் காட்டினேன். கண்ணைச் சுருக்கிக்கொண்டு திரைக்குக் கிட்ட வந்தார்.

“உது என்ன மீன்? செதிலும் இல்லை, செவுளும் இல்லை. உதைப் பிடிச்சு ஆருக்கு விக்கிறது?”

“பிடிக்கிறதுக்கு இல்லையப்பா. பிடிக்காமல் விடப் பழக்கிறதுக்கு.”

“பிடிக்காமல் விடுறதுக்கும் படிப்போ? அதிலை எங்கடை கரையிலை கனபேர் பட்டதாரியள்.”

அம்மா அடுப்படியிலிருந்து சிரித்தார். நானும் சிரித்தேன். அதுவரைக்கும் அந்த விளையாட்டில் சிரிப்பதற்கு இடம் இருந்தது.

நான் விட்ட பிழையை இந்த இடத்தில் சொல்லிவிடவேண்டும். பீப் ஒலி எந்த மீனுக்கு வரும் என்பதை ஒவ்வொரு பிள்ளைக்கும், ஒவ்வொரு தடவையும், கணினி புதிதாகக் கலைத்துப் போடவேண்டும். பேராசிரியை அதை முதல்நாளே சொல்லித் தந்திருந்தார். பயிற்சி தொடங்கிய முதல் கிழமை ஒரு தாய் என்னைத் தேடி வந்தார். தலையில் வெயிலுக்குப் போட்ட துவாயை எடுக்காமலே கதவடியில் நின்றார்.

“சேர், ஒரு ஞாயம் கேக்கவேணும். என்ரை மோளுக்கு முதல் மீனிலையே பீப் அடிச்சதாம். பக்கத்து வீட்டுப் பெடியனுக்குப் பத்து மீன் போனாப் பிறகுதான் அடிச்சதாம். அவனுக்கு லேசான பேப்பர், என்ரை பிள்ளைக்குக் கஷ்டமான பேப்பரோ?”

“அப்பிடி இல்லையம்மா, அது கணினி கலைச்சுப் போடுறது. இது சோதினையும் இல்லை.”

“முடிவிலை மார்க் போடுறியள்தானே?”

“போடுறதுதான், ஆனா...”

“பேந்தென்ன சேர். சோதினையெண்டா எல்லாருக்கும் ஒரே பேப்பர். நீங்களும் அப்பிடி எழுதித்தானே வந்தனீங்கள்?”

அந்தக் கடைசி வசனம் எனக்குள் போய் இருந்துகொண்டது. புலமைப்பரிசில், சாதாரண தரம், உயர்தரம் என்று ஒவ்வொரு படியிலும் டொக்டரின் மகனுக்கு வந்த அதே வினாத்தாள்தான் குருநகர்ப் பெடியனான எனக்கும் வந்தது. என் வாழ்க்கையில் என்னை எல்லோரோடும் சமனாக வைத்த ஒரே பொருள் அந்த வினாத்தாள். அந்தத் தாய் போன பிறகு கணினி நிரலைத் திறந்தேன். கலைத்துப் போடும் கட்டளை ஒரே ஒரு வரி. அதை நிறுத்திவிட்டேன். கலைக்காவிட்டால், நிரலை எழுதியவர் மாதிரிக்கு வைத்திருந்த வரிசை திரும்பத் திரும்ப ஓடும். மூன்று மீன், ஒரு பீப். ஐந்து மீன், ஒரு பீப். இரண்டு, ஒரு பீப். ஏழு, ஒரு பீப். மறுபடி மூன்று.

பேராசிரியையிடம் சொல்லவில்லை. நீதியான ஒரு காரியத்தைச் செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டு அன்று வீட்டுக்குப் போனேன்.

குருநகரிலிருந்து அந்தப் பாடசாலைக்கு வல்லை வெளியைத் தாண்டிப் போகவேண்டும். வீடு இல்லை, மரம் இல்லை. இரண்டு பக்கமும் உப்புத்தரையும் நீரும், நடுவில் தெரு, தெருவோரம் மின்கம்பங்கள். காற்று பக்கவாட்டில் அடித்து மோட்டார் சைக்கிளைத் தள்ளும். பயிற்சி தொடங்கி ஒரு மாதம் இருக்கும். மத்தியான நேரம் அந்த வெளியில் போய்க்கொண்டிருந்தபோது பின்னால் ஒரு பஸ் விடாமல் ஹோர்ன் அடித்தது. கிட்ட வந்ததும் நடத்துநர் மிதிபலகையில் தொங்கிக்கொண்டு கத்தினார்.

“என்ன தம்பி, ஓடுறியோ நிக்கிறியோ? நடுரோட்டிலை நிண்டு நிண்டு செபமோ சொல்லுறாய்?”

பஸ் போய்விட்டது. எனக்கு அவர் சொன்னது விளங்கவில்லை. மறுபடி ஓட்டினேன், இந்தமுறை என் வலது கையைக் கவனித்துக்கொண்டு. மூன்று கம்பங்கள் போயின. கை வேகத்தைத் தளர்த்தியது. மறுபடி முறுக்கியது. ஐந்து கம்பங்கள். தளர்த்தியது. இரண்டு கம்பங்கள். நான் அதைச் செய்யவில்லை. நான் பார்த்துக்கொண்டிருந்தேன், அது நடந்துகொண்டிருந்தது.

வீட்டிலும் அம்மா கேட்டார். “சாப்பாட்டு மேசையிலை என்ன ஓயாமத் தட்டுறாய்? தட்டுறதெண்டா ஒழுங்காத் தட்டு. விட்டு விட்டுத் தட்டினால் ஆரோ வாசல்லை நிக்கிற மாதிரிக் கிடக்கு.”

இவ்வளவும் தெரிந்திருந்தபடியால், இரட்டைப் பின்னல் பிள்ளையின் விரல் நின்றபோது காரணம் எனக்கு உடனே விளங்கியிருக்கவேண்டும். விளங்கித்தான் இருந்தது என்று இப்போது நினைக்கிறேன். ஒரே வரிசையை இத்தனை நாள் விளையாடியவளுக்கு அது மனப்பாடம். அவளுடைய மூளை நிற்கப் பழகவில்லை, வரிசையைப் பழகியிருக்கிறது. ஆனால் முடிவுச் சோதனை நடந்த அந்தச் சனிக்கிழமை, அந்த நினைப்பை முடிக்கவிடாமல் அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டேன்.

அடுத்தவன் படம் கீறிய பகுதி. தொடக்கச் சோதனையில் ஒரே ஒருதரம்தான் மீனைப் பார்த்தவன். அப்போது நிறையப் பிழைவிட்டவன். இப்போது தட்டினான், நின்றான், பீப் வந்தது. ஒரு பிழையும் இல்லை. அதற்கடுத்தவளும் படம் கீறியவள். அவளும் அப்படியே. அன்று மத்தியானத்துக்குள் இரண்டு பகுதிப் பிள்ளைகளும் ஒரே ஆள் வந்து வந்து விளையாடிவிட்டுப் போனதுபோல ஒரே மாதிரி முடித்துவிட்டார்கள்.

கடைசியாக ஒரு சிறுமி கதவடியில் நின்றாள். வட்டுக்கோட்டைப் பக்கமிருந்து மாறி வந்து அந்தக் கிழமைதான் வகுப்பில் சேர்ந்தவள். ஆய்வில் அவள் இல்லை. எல்லோரும் போகிறார்கள், தன்னையும் விடவேண்டும் என்று கேட்டாள். சரி, ஆசைக்கு விளையாடட்டும் என்று இருத்தினேன்.

“இதை முந்தி எங்கையும் பாத்திருக்கிறீரோ?”

“இல்லை சேர்.”

“மீன் எந்தப் பக்கம் பாக்குதோ அந்தப் பக்கம் தட்டவேணும். பீப் கேட்டால்...”

“நிக்கவேணும்,” என்றாள்.

முதல் மூன்று மீனுக்கும் தட்டினாள். அதில் ஒன்றுக்குப் பக்கம் பிழை. நான்காவது மீன் வர முன்னமே விரலைத் தூக்கி, கண்களை மூடிக்கொண்டாள். மீன் வந்தது. பீப் கேட்டது. கண்ணைத் திறந்தாள்.

நான் மடிக்கணினியை மூடிவிட்டேன். விளையாட்டு முடியவில்லையே என்று அவள் என்னைப் பார்த்தாள். முடிந்துவிட்டது, போகலாம் என்றேன்.

அறையில் தனியே இருந்தபோதுதான் அந்தச் சத்தத்தைக் கேட்டேன். வகுப்பறைகளுக்கு முன்னால் ஓடும் விறாந்தையின் மறு நுனியிலிருந்து வந்தது. முதலில் மழை என்று நினைத்தேன். வெளியே வெயில். எழுந்து போய்ப் பார்த்தேன். முடித்த பிள்ளைகள் ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. விறாந்தையில் இரண்டு வரிசையாக எதிரெதிரே நின்று ஒருவர் கையில் ஒருவர் தட்டிக்கொண்டிருந்தார்கள். மூன்று தட்டு. பிறகு எல்லாக் கைகளும் அந்தரத்தில். ஐந்து தட்டு. அந்தரம். பாட்டு இல்லை, எண்ணுவது இல்லை, சிரிப்பு இல்லை. இடைவெளி வரும்போது அத்தனை பிள்ளைகளும் சேர்ந்து மூச்சைப் பிடித்தார்கள். அந்த அமைதியில் யாரும் வாயால் ‘பீப்’ என்றுகூடச் சொல்லவில்லை. என் காதுக்கு மட்டும் கேட்டது. குனிந்து பார்த்தபோது என் வலது கையும் விரல்களை விரித்தபடி அந்தரத்தில் நின்றது.

இரட்டைப் பின்னல் பிள்ளையைக் கூப்பிட்டேன். மற்றவர்கள் கலைந்து போனார்கள்.

“இதை ஆர் பழக்கினது?”

“நான்தான் சேர்.” குரலில் ஒளிப்பு எதுவும் இல்லை. பெருமை இருந்தது. “நீங்க குடுக்கிறது ஒரே பேப்பரெண்டு ரெண்டாம் கிழமையே கண்டுபிடிச்சிட்டம். யன்னலுக்கு வெளியிலை நிண்டா தட்டுறதும் கேக்கும், பீப்பும் கேக்கும். எழுதி வைச்சுப் பாடமாக்கிறதைவிடக் கையாலை தட்டினா லேசு. படம் கீறுற ஆக்களுக்கும் கடைசியிலை இதே சோதினைதானே? அவை பாவம், ஃபெயில் விட்டிடுவினமெண்டு அவைக்கும் சொல்லிக் குடுத்தனான்.”

“இந்தக் கிழமை வந்த பிள்ளைக்குமோ?”

“அவளுக்கும்தான். எல்லாரும் பாஸ்தானே சேர்?”

சோதனை முடிந்து வெளியே வருபவனைச் சுற்றி நின்று என்ன வந்தது என்று கேட்பதும், ரியூசனில் பழைய வினாத்தாள்களைக் கரைத்துக் குடிப்பதும் நாங்கள் எல்லோரும் செய்து வந்ததுதான். நானும் அப்படித்தான் வந்தேன். ஒரே பேப்பர் என்று நான் கொடுத்ததை, ஒரே பேப்பருக்கு எங்கள் ஊரில் என்ன செய்வார்களோ அதை அவள் செய்திருந்தாள்.

அவள் போகவில்லை. நகத்தால் யன்னல் கம்பியைச் சுரண்டிக்கொண்டு நின்றாள்.

“ஒண்டு கேக்கட்டோ சேர்? இதை எப்பிடி நிப்பாட்டுறது?”

“எதை?”

“தட்டுறதை. தம்பி நித்திரையிலை தட்டுறானாம், அம்மா ஏசுறா. எனக்குத் தமிழ் வாசிக்கேக்கை நடுவிலை நிக்குது. ரீச்சர் ஏன் நிக்கிறாயெண்டு கேட்டா, எனக்குத் தெரியேல்லை.”

அறைக்குள் கூட்டிக்கொண்டு போய், அவள் பார்த்துக்கொண்டிருக்கவே அந்த ஒரு வரியைத் திரும்பப் போட்டேன். கணினி இனிக் கலைத்துப் போடும். விளையாடச் சொன்னேன். முதல் மீனுக்கே பீப் வந்தது. அவள் தட்டிவிட்டாள். மூன்று போன பிறகு விரலைத் தூக்கிக்கொண்டு காத்திருந்தாள். ஒலி வரவில்லை. மீன் அவளைப் பார்த்தபடி நின்று மறைந்தது. பிறகு எதிர்பாராத இடங்களில் எல்லாம் பீப் வந்தது. ஒவ்வொன்றுக்கும் தட்டினாள். ஒன்றும் வராத இடங்களில் எல்லாம் நின்றாள். நிற்கவேண்டிய இடத்தில் ஒருமுறைகூட அவளால் நிற்க முடியவில்லை. முதல்நாள் பழகாமல் வந்திருந்தபோது இதைவிட நன்றாகச் செய்தவள்.

“இது வேற பேப்பர் சேர்,” என்றாள். கண் கலங்கியிருந்தது. “இது நாங்க படிக்காத பேப்பர்.”

“ஓம் பிள்ளை. முதலே இதைத்தான் தந்திருக்கவேணும். பிழை என்னிலை, உம்மிலை இல்லை.”

அவள் நம்பியதாகத் தெரியவில்லை.

திரும்பிப் போகும்போது வல்லைப் பாலத்தடியில் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு வெகுநேரம் நின்றேன். ஒருவருக்கும் தெரியாது. அந்த வரி திரும்ப அதன் இடத்தில் இருக்கிறது. மீன் பிள்ளைகளின் முடிவுகள் பேராசிரியை கனவு கண்டதைவிட நன்றாக இருந்தன. படம் கீறிய பிள்ளைகளின் முடிவுகள்தான் இடைஞ்சல். அந்தக் கோப்புகள் பழுதாகிவிட்டன என்று சொன்னால் அவர் கவலைப்படுவார், நம்புவார். நான் வெளிநாடு போவேன். அம்மா கோவிலில் சொன்னது மெய்யாகும். இதை எல்லாம் ஒழுங்காக யோசித்தேன். யோசிக்கும்போது விரல்கள் பெற்றோல் தாங்கியில் தட்டிக்கொண்டிருந்தன. ஏழாவது தட்டுக்குப் பிறகு அவை நின்றன. சுற்றிவரக் காற்றைத் தவிர ஒன்றுமில்லாத அந்த வெளியில், என் கை எதற்காகவோ காத்துக்கொண்டு நின்றது.

திங்கட்கிழமை பேராசிரியையின் அறைக்குப் போனேன். அவர் கேட்க முன்னமே எல்லாவற்றையும் சொன்னேன். துவாய் போட்ட தாய், ஒரே பேப்பர், நான் நிறுத்திய வரி, விறாந்தை, வட்டுக்கோட்டையிலிருந்து வந்த சிறுமி, கடைசியாக இரட்டைப் பின்னல் பிள்ளைக்குப் புது வரிசையில் நடந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். ஏசவில்லை. பிறகு அவருடைய பார்வை என் முகத்திலிருந்து இறங்கிக் கையில் நின்றது. நான் அவருடைய மேசை விளிம்பில் தட்டிக்கொண்டிருந்தேன்.

“நீருமோ?” என்றார்.

மடிக்கணினியை என் பக்கம் திருப்பி, “இருந்து ஒருக்கா விளையாடும்,” என்றார்.

விளையாடினேன். அந்த நிரலின் ஒவ்வொரு வரியும் எனக்குத் தெரியும். ஒலி எங்கே வரும் என்று யாருக்கும் தெரியாது என்பதும் தெரியும். மூன்று மீன் போன பிறகு என் விரல் எழுந்து நின்றது. அதைக் கீழே கொண்டுவர முயன்றேன். கதிரைக்குப் பின்னால் நின்று பேராசிரியை மூச்சு விடுவது கேட்டது. மீன் வந்தது, என்னைப் பார்த்தது, போனது. பீப் வரவில்லை.

“காணும், இனிப் போதும்,” என்றார். திரையை அவரே மூடினார். “இந்தத் தரவு ஒண்டும் பாவிக்கேலாது. உமக்குத் தெரியும்.”

“ஓம் மேடம்.”

“இந்தமுறை உம்மை அனுப்பவும் ஏலாது. பொறுப்பில்லாத ஆளெண்டு நான் சொல்ல மாட்டன். ஆனா நடந்ததை அந்த ஆய்வுகூடத்துக்கு எழுதித்தான் அனுப்பவேணும். நீரே எழுதும். பிள்ளையளின்ரை பெற்றோருக்கும் நீரே போய்ச் சொல்லும்.” கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டு, “அந்தப் பிள்ளையளைத் தொடர்ந்து பாக்கவேணும். பழக்கினதைக் கலைக்க எவ்வளவு காலம் எடுக்குமெண்டு எனக்குச் சொல்லத் தெரியேல்லை,” என்றார்.

அன்று பின்னேரம் வீட்டு முற்றத்தில் அப்பா வலையிலிருந்து பாசியைக் கழற்றிக்கொண்டிருந்தார். இடம் கிடைக்காது என்று சொன்னேன். ஏன் என்று கேட்டார். சொன்னேன். கை வேலையை விடவில்லை.

“பிழை விட்டது நீயோ?”

“ஓம்.”

“போய்ச் சொன்னதும் நீயோ?”

“ஓம்.”

“அவ கேக்க முதலோ?”

“ஓமப்பா.”

ஒரு பாசித் துண்டை உதறி எறிந்தார். “அப்ப சரி. அம்மாவுக்கு நான் சொல்லுறன். கோவிலுக்கு அவவே சொல்லட்டும், முந்தியும் அவதானே சொன்னவ.”

எனக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. அப்போதுதான் அடுப்படியிலிருந்து கத்திச் சத்தம் கேட்டது. அம்மா பலகையில் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தார். மூன்று வெட்டு, பிறகு கத்தி நின்றது. ஐந்து வெட்டு, நின்றது. இரண்டு. நான் எழுந்து அடுப்படி வாசலுக்குப் போனேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. ஏழு வெட்டு. கத்தியை உயர்த்திப் பிடித்தபடி, தலையைச் சற்றுச் சாய்த்து, எதையோ கேட்பதற்குக் காத்திருப்பவர்போல நின்றார்.

“அம்மா,” என்றேன். “அதை ஏன் செய்யிறியள்?”

“எதை?” என்றார்.